சம்பளம் கொடுக்காவிட்டால் அது வேலை இல்லையா? சுற்றுலா விசாவில் யோகா டீச்சர்

கேள்வி: 2024 ஜனவரி 18

இலங்கையில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஐந்து அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். போலந்துக்காரப் பெண் ஒருவர் சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருக்கிறார். காலையில் விருந்தாளிகளுக்கு யோகா சொல்லித் தருகிறேன், அறையும் சாப்பாடும் போதும், சம்பளம் வேண்டாம் என்கிறார். சம்பளம் இல்லை என்றால் அது வேலை இல்லைதானே? இங்கே பக்கத்தில் பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. விவரம் தெரிந்த அக்கா, அண்ணாமார் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 18, இரவு

வேலைதான் தம்பி. பண்டாரவளையில் 14 அறை ஹோட்டல் ஒன்றில் 11 வருடமாகக் கணக்கும் ஆபீஸ் வேலையும் பார்க்கிறேன். எங்கள் சமையலறையில் இந்தியாவிலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய விசா வேலை முழுக்க என் பொறுப்பு. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டை வாங்கிப் பாருங்கள். விசாவோடு வரும் நிபந்தனையையும் வாசியுங்கள். ஊதியத்துடனோ ஊதியமின்றியோ எந்தத் தொழிலும் செய்யக்கூடாது என்பதுதான் அது. 'ஊதியமின்றியோ' என்ற சொல்லை உங்களைப் போல யோசிப்பவர்களுக்காகவே போட்டிருக்கிறார்கள். அறையும் சாப்பாடும் கொடுத்தால் அதுவும் கூலிதான். அரிசியையும் மாவையும் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

பிடிபட்டால் அவரை நாட்டைவிட்டு அனுப்பலாம். வேலைக்கு வைத்த உங்களையும் விசாரிப்பார்கள். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர் குடியகல்வோர் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அதன் கீழ் வரும் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிபந்தனை மட்டும் நான் பார்த்த நாளிலிருந்து மாறவில்லை.

2024 ஜனவரி 19

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கடவுச்சீட்டை 'வாங்கிப் பாருங்கள்' என்று எழுதிவிட்டேன். பார்த்தவுடன் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேவையான பக்கத்தைக் கொப்பி எடுத்தால் போதும். பத்திரமாக லாச்சியில் வைத்திருக்கிறேன் என்று எந்த முதலாளியும் சொல்லக் கூடாது.

என் தங்கை வளைகுடாவில் ஒரு வீட்டில் நான்கு வருடம் வேலை செய்தாள். போன அன்றே கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். அவளுடைய இக்காமா, அதாவது அந்த நாட்டு வதிவிட அனுமதி, முடிந்து ஏழு மாதம் யாரும் புதுப்பிக்கவில்லை, அவளுக்கும் தெரியாது. பல்வலிக்கு மருந்து எடுக்கப் போன வழியில் பொலிஸ் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. இரண்டு இரவு உள்ளே இருந்தாள். அபராதத்தையும் அவள் சம்பளத்திலேயே கழித்தார்கள். புதுப்பிக்க வேண்டியது அந்த வீட்டுக்காரர், தண்டனை அனுபவித்தது என் தங்கை. எங்கள் ஹோட்டலில் மாஸ்டரைச் சேர்த்தபோது நான் முதலாளியிடம் கேட்ட முதல் விஷயம், கடவுச்சீட்டு மாஸ்டரிடமே இருக்க வேண்டும் என்பதுதான்.

2024 ஜனவரி 21

'அப்படியென்றால் சரியான வழி என்ன' என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் போன வழியைச் சொல்கிறேன்.

முதலில் கொழும்பில் ஒரு ஏஜென்டைப் பிடித்தோம். ஆளைச் சுற்றுலா விசாவில் கொண்டுவாருங்கள், வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். முற்பணமும் வாங்கிக்கொண்டார். பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நானே போய் விசாரித்தபோதுதான் அந்த வழி கிடையாது என்று புரிந்தது. நல்ல காலம், மாஸ்டர் அதற்குள் டிக்கெட் எடுக்கவில்லை. முற்பணம் போனது போனதுதான்.

சரியான வழி வெளியிலிருந்து தொடங்குகிறது. வேலைக்கு வருபவர் முதலில் நுழைவு விசாவில் வரவேண்டும். வந்தபிறகு வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எந்தத் துறையில் வேலையோ அந்தத் துறையின் பரிந்துரை வேண்டும். எங்களைப் போன்ற ஹோட்டல் என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, முதலீட்டுச் சபைக் கம்பனி என்றால் முதலீட்டுச் சபை, மற்றவர்களுக்கு உரிய அமைச்சு. நீங்கள் அதிகார சபையில் பதிவு செய்யாதவர் என்றால் இங்கேயே நின்றுவிடும். முதலில் பதிவை முடியுங்கள். இந்த ஆள் ஏன் வேண்டும், உள்ளூரில் ஏன் கிடைக்கவில்லை, யாருக்குத் தொழில் பழக்கப் போகிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

வைத்தியப் பரிசோதனையும் உண்டு. மலேரியா, யானைக்கால், காசநோய், எச்.ஐ.வி பார்க்கிறார்கள். ஏன் மலேரியா என்று மாஸ்டர் கேட்டார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது, வெளியிலிருந்து திரும்ப வந்துவிடக் கூடாது என்ற கவனம்தான் என்று சொன்னேன். இரத்தம் எடுத்த கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, 'மண்டபம் கேம்ப்பில் எங்கள் ஆட்களுக்கும் இப்படித்தான் பார்த்தார்களாம் அக்கா' என்றார். அந்த நேரம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு ஓடினேன். அவர் சொன்னது பிறகுதான் உறைத்தது. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 25

கடற்கரைப் பக்கத்துச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். 2022இல் போர் தொடங்கியதிலிருந்து ரஷ்ய, உக்ரேன் நாட்டவர்களுக்கு விசாவை நீடித்துக்கொண்டே வந்தார்கள். இப்போது இனி நீடிப்பு இல்லை, மார்ச் 7க்குள் போய்விடுங்கள் என்று இரண்டு கிழமை கொடுத்து அறிவித்தார்கள். பிறகு அமைச்சரவை அனுமதி இல்லாமல் எப்படி அறிவித்தீர்கள் என்று ஜனாதிபதி விசாரிக்கச் சொல்லிவிட்டார்.

தெற்கில் சிலர் சுற்றுலா விசாவில் இருந்துகொண்டே கடை நடத்துகிறார்கள், வாகனம் ஓட்டுகிறார்கள் என்ற கோபம் இதன் பின்னால் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயம். நம் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை அது. ஆனால் இரண்டு கிழமை என்றதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு பதறியது. மூட்டை கட்டு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது.

தம்பி, உங்கள் யோகா டீச்சர் விஷயத்துக்கு இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது. கேட்கத் தொடங்கும் நாளில் எல்லாரையும் ஒரேயடியாகக் கேட்பார்கள்.

2024 மார்ச் 14

கொஞ்சம் விலகிப் போகிறேன். பெரியம்மா மகன் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறான். மனைவியும் பிள்ளையும் ஹட்டனில். இந்த மாதம் 11ஆம் திகதி முதல், பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று விதி வந்துவிட்டது. அவன் பழைய விசாக்காரன், அவனுக்கு இது பொருந்தாது. ஆனால் மூன்று நாள் தூங்கவில்லை. ஊரில் இவள் அழுகிறாள், அங்கே அவன் அழுகிறான். அவனுடைய மேலாளரிடம் கேட்டால், 'நீயே பார்த்துக்கொள்' என்றாராம். ஐந்து நிமிடம் அந்த அறிவித்தலை வாசித்து, உனக்குப் பொருந்தாது என்று சொல்லியிருக்கலாம். விதியை வாசிப்பதும் வேலை கொடுக்கிறவரின் வேலை என்று அன்றைக்கு இன்னும் உறுதியாக நினைத்தேன்.

2024 ஏப்ரல் 6

நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டது. எங்கள் முதலாளியின் நண்பருக்கு அங்கே ஹோட்டல். இரண்டு கிழமைக்கு மாஸ்டரை அனுப்புங்கள், தந்தூரிக்கு ஆள் இல்லை, நல்ல காசு தருகிறேன் என்றார். முதலாளி சரி என்றுவிட்டார்.

மாட்டேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். மாஸ்டரின் விசா எங்கள் ஹோட்டலின் பெயரில், எங்கள் பரிந்துரையில் கிடைத்தது. வேறு சமையலறையில் அவர் கரண்டி பிடித்தால் அங்கே அவருக்கு அனுமதி கிடையாது. சோதனை வந்தால் முதலாளி, 'நண்பருக்கு உதவி' என்று சொல்லித் தப்பிக்கலாம். மாஸ்டர் என்ன சொல்வார்? கடைசியில் அவரிடம் இரண்டு வருடம் பழகிய பூனாகலைப் பையனை அனுப்பினோம். அவனும் நன்றாகச் செய்துவிட்டு வந்தான்.

2024 ஏப்ரல் 21

அவசரம். 17ஆம் திகதியிலிருந்து விசா முறை முழுக்க மாறிவிட்டது. பழைய ஈ.டி.ஏ (இணையவழிப் பயண அனுமதி) இல்லை, புது இ-விசா. வெளிக் கம்பனிகள் நடத்துகின்றன. 50 டொலர் கட்டிய இடத்தில் சேவைக் கட்டணமெல்லாம் சேர்த்து 100 டொலரைத் தாண்டுகிறது. வெளிநாட்டு ஆள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் உடனே உங்கள் ஃபைலை எடுங்கள், எல்லாம் மாறியிருக்கலாம்.

2024 மே 7

கட்டுநாயக்கவில் விசாப் பகுதியில் ஒருவர் சத்தம்போட்ட வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். அதற்குப் பிறகு, 30 நாள் விசாவுக்குப் பழைய 50 டொலர்தான் என்று அமைச்சரவை சொல்லியிருக்கிறது.

வேறொரு குழப்பமும் ஓடுகிறது. இந்தியா, சீனா, ரஷ்யா, மலேசியா, ஜப்பான், இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டுக்காரர்களுக்கு இலவச விசா என்று 2023 ஒக்டோபரில் அறிவித்தார்கள் அல்லவா? மாஸ்டரின் மச்சான் உடனே ஃபோன் எடுத்து, 'விசாதான் இலவசமாமே, நானும் வந்து உங்கள் கிச்சனில் நிற்கிறேன்' என்கிறார். இலவசம் என்பது கட்டணத்துக்குத்தான், நிபந்தனைக்கு இல்லை. சுற்றிப் பார்க்க வரலாம், மாஸ்டர் கையால் சாப்பிடலாம், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்கலாம். கரண்டியைத் தொடக் கூடாது.

2024 ஜூன் 12

இன்று என் தவறு ஒன்றை எழுத வேண்டும், இன்னொருவருக்கு நடக்காமல் இருக்கட்டும்.

மாஸ்டரின் வதிவிட விசா ஜூலை 30 வரை. மூன்று மாதம் முன்பே தொடங்கு என்று எல்லாருக்கும் சொல்பவள் நான். பரிந்துரைக் கடிதம், கணக்கறிக்கை, படிவம் எல்லாம் தயார். நேற்று படிவத்தை நிரப்பும்போது கடவுச்சீட்டு முடிவுத் திகதி என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த நவம்பரில் முடிகிறது. சாகப்போகும் கடவுச்சீட்டில் ஒரு வருடத்துக்கு விசா யார் தருவார்? விசாத் திகதியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஒட்டியிருக்கும் புத்தகத்தின் திகதியைப் பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'நானும்தானே பார்த்திருக்கணும்' என்றார். இல்லை, நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

நாளை அதிகாலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம், இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்துக்கு.

2024 ஜூன் 16

போய் வந்தோம், விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கு எழுத நினைத்தது வேறு.

எதற்கு இவ்வளவு பதற்றம், ஒரு கிழமை பிந்தினால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். என் தாத்தாவின் கதையைச் சொல்கிறேன்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. மறுவருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம். மனுப்போட்டால் பிரஜாவுரிமை கிடைக்கலாம் என்றது. நிபந்தனை என்ன தெரியுமா? 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம். இடையில் ஒரே தடவையாக 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனுப்போட இரண்டு வருட அவகாசம்.

தாத்தா 1944இல் தமிழ்நாட்டில் முசிறிப் பக்கம் தன் தாயைப் பார்க்கப் போனார். தாய் படுத்த படுக்கை. காரியம் முடித்துத் திரும்ப 14 மாதம். பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், இல்லாத அந்த 14 மாதம் தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அது போதுமாக இருந்தது. அவர் கொழுந்துக் கூடை சுமந்த 22 வருடம் கணக்கில் வரவில்லை. தாய்க்குக் கொள்ளி வைத்ததில் கூடிப்போன இரண்டு மாதம் வந்தது. தாத்தா 1981இல் இறந்தார், எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லை. அப்பாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு சத்தியக் கடதாசியோடு கிடைத்தது. அந்தக் கடதாசியை அப்பா கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இன்றைக்கும் இருக்கிறது, ஓரத்தில் மஞ்சள் பூத்துப்போய்.

12 மாதம் என்ற விதியைத் தாத்தாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் போனபோது அப்படி ஒரு விதியே இல்லை. பிறகு எழுதி, பின்னோக்கிப் பொருத்தினார்கள். அதனால்தான் திகதி என்றால் எனக்குப் பதற்றம்.

2024 ஜூலை 22

புதுக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. விசா நீடிப்பும் முடிந்தது. பழைய கடவுச்சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள், பழைய விசா அதில்தான் இருக்கிறது.

2024 ஓகஸ்ட் 3

நேற்று உயர் நீதிமன்றம் புது இ-விசா முறையை இடைநிறுத்தியிருக்கிறது. பழைய ஈ.டி.ஏ முறைக்கே திரும்பச் சொல்லி இடைக்காலத் தடை உத்தரவு. எப்போது திரும்பும் என்று பார்ப்போம்.

2024 ஓகஸ்ட் 11

மண்டபம் கேம்ப் பற்றி எழுதுகிறேன் என்று ஜனவரியில் சொன்னேன் அல்லவா, இன்றைக்குத்தான் நேரம் வந்தது.

மாஸ்டர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் ஊர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை பூனாகலைப் பையனிடம், 'லயத்துப் பக்கம் போய் கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு வா' என்றார். கோத்தகிரிக்காரர் வாயில், நம் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்லும் லயம் என்ற சொல் எப்படி என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். அவருடைய தாத்தா பிறந்தது பதுளையில்.

1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்களே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று, அந்தக் கணக்கில் போன குடும்பம். கண்டி அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கடவுச்சீட்டு எடுத்து, 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரி. இங்கிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது, டான்டீ என்பார்கள். இங்கே பறித்த அதே கொழுந்தை அங்கே போய்ப் பறித்தார்கள். ஊரில் அவர்களை 'சிலோன்காரன்' என்றுதான் கூப்பிடுவார்களாம், இன்றைக்கும்.

ஜூன் மாதம் கண்டி அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது அவர் அதிகம் பேசவில்லை. வெளியே வந்து, 'தாத்தா இங்கேதான் அக்கா வந்திருப்பார், போகிறதுக்கு' என்றார். அவருடைய பேரன் வெளிநாட்டு ஊழியர் என்ற பெயரில், பரிந்துரைக் கடிதத்தோடு, வருடத்துக்கு ஒரு முறை கையெழுத்துக் கேட்டு நிற்கிறார். உள்ளூரில் ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது என்றேனே. அதை எழுதும்போது இந்த விவரம் தெரிந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்கும்.

விடுமுறை நாளில் அவரைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோட்டத்தின் பெயர் அவருக்குத் தெரியும், டிவிஷன் தெரியாது. லயத்து வாசலில் இருந்த ஒரு கிழவி மாஸ்டரின் தாத்தா பெயரைக் கேட்டதும், 'கப்பலுக்குப் போன கங்காணி வீட்டுப் பயலா' என்றார். சரியாகச் சொன்னாரா, வேறு யாரையோ நினைத்தாரா, தெரியாது. மாஸ்டர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

2024 செப்டம்பர் 28

நேற்றிலிருந்து ஈ.டி.ஏ திரும்ப வந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவை நடைமுறைப்படுத்தவில்லை என்று குடிவரவுத் திணைக்களத் தலைவரை விளக்கமறியலில் வைத்த பிறகுதான் வந்தது.

இந்த இடத்தில் என் ஏப்ரல் 21 குறிப்பைத் திருத்துகிறேன். 'எல்லாம் மாறியிருக்கலாம், உடனே ஃபைலை எடுங்கள்' என்று எழுதி உங்களைப் பதற வைத்துவிட்டேன். ஐந்து மாதம் நடந்த அமளி முழுக்க வருகை விசாவைப் பற்றியது. ஏற்கெனவே வதிவிட விசாவில் இருந்த மாஸ்டரின் ஃபைலில் அதனால் ஒரு கடதாசிகூட மாறவில்லை. உண்மையில் எங்களைப் பிடித்தது யாரும் செய்தி போடாத பழைய விஷயம், கடவுச்சீட்டின் முடிவுத் திகதி.

அதனால் இப்போது என் பழக்கம் இதுதான். செய்தி வந்தால் முதலில் எந்த வகை விசா என்று பார்க்கிறேன். அப்புறம் அரசு அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைத் தேடி வாசிக்கிறேன். வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரும், இரண்டும் தமிழிலும் உண்டு. முகநூலில் வந்த படத்தை நம்பி யாருக்கும் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டு முடிவு, விசா முடிவு, பரிந்துரைக் கடிதத்தின் திகதி, ஒப்பந்த முடிவு. முதல் வரி கடவுச்சீட்டு. மாதம் முதல் திங்கள் காலை, சம்பளக் கணக்கைத் திறக்க முன் அதைத் திறக்கிறேன். அந்தப் பக்கத்தை மாஸ்டரும் ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

2024 டிசம்பர் 2

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். போலந்துப் பெண் மார்ச் வரை காசு கொடுத்துத் தங்கிவிட்டு, விருந்தாளியாகவே போய்விட்டாராம். காலை யோகாவுக்கு இப்போது ஹாலிஎலப் பக்கத்துப் பெண் ஒருவர் வருகிறாராம், சம்பளத்துக்கு. நல்ல செய்தி. அவருக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கட்டுகிறீர்களா தம்பி? உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஈ.டி.எஃப் 3. அதையும் மறக்காதீர்கள்.

2025 ஜனவரி 26

மாஸ்டர் போகிறார். கண்டியில் பெரிய ஹோட்டல், எங்களால் கொடுக்க முடியாத சம்பளம். புது இடத்தில் திரும்பவும் பரிந்துரையிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் எங்களிடமிருந்து விடுவிப்புக் கடிதம் கேட்டார்கள்.

முதலாளிக்குக் கோபம். அதில் ஒரு பகுதி நியாயமும் உண்டு. விசாக் கட்டணம், வைத்தியப் பரிசோதனை, கொழும்புப் பயணம் எல்லாம் நாங்கள் போட்ட காசு. மாஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய 60,000 ரூபாய் முற்பணமும் பாக்கி. மொத்தத்தையும் கடிதத்தில் எழுது, அந்தக் கணக்கைத் தீர்த்தால்தான் கையெழுத்து, இல்லை என்றால் புது ஹோட்டல்காரன் கட்டட்டும் என்றார். தொகையைத் தன் கையாலேயே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி என் மேசையில் வைத்தார்.

துண்டு. அந்தக் கடதாசியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. கங்காணி காலத்தில், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய மேற்பார்வைக்காரர் காலத்தில், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். அதில் ஆளின் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டும் கங்காணிதான் ஆளை எடுக்கலாம். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டமும் சேர்க்காது. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். என் தாத்தாவின் அப்பா அந்தத் துண்டில் தோட்டம் மாறியவர்.

முதலாளியிடம் சத்தம் போடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, இந்தச் சரித்திரம் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சொன்னேன். விசாச் செலவு நமக்கு ஆள் வேண்டும் என்று நாம் போட்டது. முற்பணம் அவர் கடன், அதற்குத் தனியாகக் கையெழுத்து இருக்கிறது, மாதம் 10,000 அனுப்புகிறேன் என்கிறார், அனுப்புவார். ஆனால் கடன் வேறு, கடிதம் வேறு. கடிதத்தில் காசு எழுதினால் நான் தட்டச்சுச் செய்ய மாட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. பிறகு அந்தக் கடதாசியை எடுத்து மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, 'அடி' என்றார்.

மூன்று வரி. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை எங்களிடம் பிரதம சமையல்காரராக வேலை செய்தார். வேறிடத்தில் சேர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவருடைய வேலையிலும் நடத்தையிலும் எங்களுக்கு முழுத் திருப்தி. மூன்று பிரதி. திணைக்களத்துக்கும் அறிவித்தாகிவிட்டது. இதைச் செய்யாமல் விட்டால் போன ஆளின் பெயர் உங்கள் கணக்கிலேயே கிடக்கும்.

மாஸ்டர் நேற்று மத்தியான பஸ்ஸில் போனார். பூனாகலைப் பையனை அடுப்படியில் நிறுத்தி, மழை நாளில் தந்தூரியை மெதுவாகச் சூடாக்கு, அவசரப்பட்டால் மண் வெடித்துவிடும் என்று கடைசியாகவும் ஒரு முறை சொன்னார். நான் கொப்பியில் அவருடைய பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன், புது இடத்து ஆபீஸில் கொடுக்கட்டும் என்று. முதல் வரி, கடவுச்சீட்டு முடிவு 2034 ஜூலை. இரண்டாவது வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை அவர்கள் எழுத வேண்டும்.